மண்ணைக் கேட்டுவிட்டு நாள் குறிப்போம்

(எஹலியகொடவில் நடைபெற்ற பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



என் தொழிலைப் பற்றிச் சிறிது பேசும்படி செயலாளர் கேட்டார். "பொறியியலாளர் என்கிறாய், ஆனால் நீ கட்டிய பாலம் எது, வீடு எது?" என்று என் அம்மாவே கேட்பதுண்டு. நான் எதையும் கட்டுவதில்லை. எந்த வேலைக்குப் பின் எந்த வேலை, அதற்கு எத்தனை நாள், எவ்வளவு பணம் என்று முதலில் எழுதி வைப்பேன். பிறகு வாரம் தவறாமல் எழுதியபடி நடக்கிறதா என்று பார்ப்பேன். அவ்வளவுதான்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது புதிய வித்தையல்ல. காலையில் பெரட்டுக்களத்தில் நடப்பது என்ன? இன்றைக்கு எந்த மலையில் கொழுந்து, எங்கே கவ்வாத்து, யார் கான் வெட்டப் போவது என்று ஆள் பிரிக்கிறார்கள். மாலையில் கொழுந்து நிறுத்து, செக்ரோலில் பேர் விழுகிறது. நிறை குறைந்தால் அரைப்பேர். எத்தனை பேர் விழுந்தது என்பது செலவு. எத்தனை கிலோ வந்தது என்பது வேலை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காத கணக்கப்பிள்ளை வெகுநாள் நிலைக்க மாட்டார்.

கட்டடங்களில் இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஓர் உதாரணம். பத்து மாதத்தில் 100 இலட்சம் ரூபாயில் ஒரு கட்டடம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாம் மாதத்தில் 50 இலட்சம் பெறுமதியான வேலை முடிந்திருக்க வேண்டும். பொருளாளர் புத்தகத்தைத் திறக்கிறார். செலவு சரியாக 50 இலட்சம். எல்லோருக்கும் திருப்தி. ஆனால் சுவரையும் கொங்கிரீட்டையும் அளந்து பார்த்தால் முடிந்த வேலையின் பெறுமதி 40 இலட்சம்தான். ஒரு ரூபாய் கொடுத்து எண்பது சத வேலை வாங்கியிருக்கிறோம். இதே வேகத்தில் போனால் கட்டடம் முடிய 125 இலட்சம் வேண்டும். இதை ஐந்தாம் மாதமே கண்டால் ஏதாவது செய்யலாம். ஒன்பதாம் மாதம் கண்டால் மறுபடி உண்டியல் குலுக்க வேண்டியதுதான்.

நாள் குறிப்பதிலும் ஒரு முறை உண்டு. 1957இல் அமெரிக்காவில் டியூபொன்ட் என்ற இரசாயனக் கம்பனி, தன் தொழிற்சாலை வேலைகளுக்காக அதை வகுத்தது. எந்த வேலை ஒரு நாள் பிந்தினால் முழுத் திட்டமும் ஒரு நாள் பிந்துமோ, அந்த வேலைகளை வரிசையாகக் கோத்துப் பார்ப்பது. வர்ணம் பூசுவது ஒரு வாரம் தள்ளிப் போனால் மின்கம்பி இழுப்பதற்கு நட்டமில்லை. அத்திவாரம் ஒரு வாரம் தள்ளிப் போனால் எல்லாமே தள்ளிப் போகும். எங்கள் ஊரில் அந்த வரிசைக்குத் தலைமை தாங்குவது மழை. விடிய விடிய மழை என்றால் பால் வெட்டு இல்லை என்பது றப்பர் தோட்டத்துப் பிள்ளைக்குத் தெரியும். தோண்டிய குழியில் தண்ணீர் நின்றால் மேசன்பாசுக்கும் வேலை இல்லை. அதனால் இரத்தினபுரி மாவட்டத்தில் மண் வேலையை ஜனவரி, பெப்ரவரிக்கு வைக்கச் சொல்வேன். மே மாதத்தில் குழி தோண்டத் தொடங்குகிறவரோடு எனக்குப் பேச்சில்லை.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் ஒரு திட்டம் சறுக்கலாம். எங்கள் மாவட்டத்திலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. பலாங்கொடைக்கு அப்பால், வளவை கங்கையின் குறுக்கே சமனலவெவ நீர்த்தேக்கம். ஏறத்தாழ 100 மீற்றர் உயரம், 530 மீற்றர் நீளமான கல்லணை. 120 மெகாவாற் மின்சாரம். 1986இல் வேலை தொடங்கியது. ஜப்பானிய, பிரித்தானிய நிதி. திட்டமிடலில் கைதேர்ந்த கம்பனிகள். அணையின் வலக்கரையில் மலைக்குள் சுண்ணாம்புக் கல். தண்ணீர் அரித்த பொந்துகள். கட்டும்போதே பயம் வந்து, மலைக்குள் சுரங்கம் வெட்டிச் சிமெந்துக் குழம்பை அழுத்தி ஒரு திரை போட்டார்கள். 1991இல் பரீட்சார்த்தமாக நீர் நிரப்பியபோது அந்தத் திரை போதாது என்று தெரிந்தது. 1992 ஒக்டோபரில் வலக்கரை மலைச்சரிவைப் பிளந்துகொண்டு தண்ணீர் வெளியே பாய்ந்தது. 1998இல் படகுகளில் மண் ஏற்றிப் போய் நீருக்கடியில் கொட்டி மூடப் பார்த்தார்கள். கசிவு குறைந்தது, நிற்கவில்லை. அதன் பிறகும் வினாடிக்கு 2 கன மீற்றருக்குக் கிட்ட, அதாவது இரண்டாயிரம் லீற்றர், டர்பைனைத் தொடாமலே போயிற்று. கீழே கல்தொட்ட விவசாயிகளின் வயலுக்கு அந்தத் தண்ணீர் பயன்படுகிறது என்பது ஓர் ஆறுதல்.

அணை உடையவில்லை, மின்சாரம் வருகிறது. அதைத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் திறப்பு விழாவோடு மூடியிருக்க வேண்டிய செலவுப் புத்தகம் அதற்குப் பிறகும் திறந்தே கிடந்தது. அட்டவணையில் ஆயிரம் வரி இருக்கலாம். மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்ற வரிக்கு நேரே அரைகுறை விடை இருந்தால், மற்ற வரிகளில் போட்ட தேதியும் தொகையும் ஊகம்தான்.

இனி நம் விடயத்துக்கு வருகிறேன். தலைவி அக்கா கோபிக்கக் கூடாது.

நூற்றாண்டு நினைவாக மேல் மைதானத்துக்குப் பின்னால் மாடிக் கட்டடம் ஒன்று எழுப்ப முடிவாகியிருக்கிறது. மிக நல்ல முடிவு. படம் அழகாக இருக்கிறது. எஸ்டிமேட்டும் பார்த்தேன், கதவுப் பிடி வரைக்கும் விலை இருக்கிறது. மண் பரிசோதனைக்கு ஒரு சதமும் இல்லை. அடிக்கல் நாட்டும் திகதி மட்டும் அழைப்பிதழில் அச்சாகிவிட்டது.

அது சரிவு நிலம். எங்கள் மாவட்டமும் பக்கத்துக் கேகாலையும் மண்சரிவுக்குப் பேர்போனவை. 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை சரிந்து குடியிருப்புகளை மூடியதை நாம் மறக்கவில்லை. இப்படிப்பட்ட மாவட்டங்களில் கட்டுவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி கேட்பது சும்மா ஒரு கடதாசிக்காக இல்லை. அவர்கள் வந்து பார்த்து, இங்கே கட்டலாம், இவ்வளவு தள்ளிக் கட்டு, மேலே கான் வெட்டு, இங்கே கட்டவே கூடாது என்று ஏதாவது ஒன்று சொல்வார்கள். எதைச் சொன்னாலும் படம் மாறும். படம் மாறினால் எஸ்டிமேட்டும் மாறும். கான் வெட்டாத மலையில் கன்று நடுவதில்லை என்பது நம் பெற்றோரின் ஒழுங்கு. கட்டடத்துக்கும் அதே ஒழுங்கு போதும்.

இன்னொன்று பணம். ரொறன்ரோவிலும் லண்டனிலும் கட்டாரிலும் இருக்கும் பிள்ளைகள் அனுப்புவார்கள். உள்ளூரில் கொழுந்து பறிக்கும் அக்காமாரும் சம்பள நாளில் கொடுக்கிறார்கள். அவர்களுடைய நூறு ரூபாய் பெரிய நூறு. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது முந்திய வருட எஸ்டிமேட்டுகளுக்கு என்ன கதி வந்தது என்று எல்லாக் கொந்தராத்துக்காரருக்கும் தெரியும். கம்பி, சிமெந்து விலையை யாரும் கட்டிப் பிடிக்க முடியாது. அதனால் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள். கொந்தராத்துக்காரர் பில் கொடுத்தவுடன் காசு கொடுக்காதீர்கள். முடிந்த வேலையை அளந்த பிறகு கொடுங்கள். செலவு எவ்வளவு, முடிந்த வேலை எவ்வளவு என்று இரண்டு வரியை மாதாமாதம் பாடசாலை அறிவித்தல் பலகையில் போடுங்கள். அளக்க ஆள் இல்லை என்றால் நான் வருகிறேன். கொழும்பிலிருந்து எஹலியகொட தூரமில்லை.

அடிக்கல் நாளை மாற்றச் சொல்வது விழாவைக் கெடுப்பதாகச் சிலருக்குத் தோன்றலாம். அன்றைக்கு விழாவை நடத்துவோம், பொங்கல் வைப்போம், பழைய ஆசிரியைகளைக் கௌரவிப்போம். கல்லை மட்டும் கொஞ்சம் பொறுத்து நடுவோம். என் பங்குப் பணத்தை இன்று காலை பொருளாளர் தங்கையிடம் கொடுத்து, மண் பரிசோதனைக்கு என்று எழுதிப் பற்றுச்சீட்டு வாங்கியிருக்கிறேன். விண்ணப்பப் படிவம் என் பையில் இருக்கிறது. தேநீர் நேரத்தில் தலைவி அக்காவும் அதிபரும் கையொப்பமிட்டால், திங்கட்கிழமை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.