தூக்குமரமும் தொலைதீவும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



1959 மே திங்களில், சில நாள் இடைவெளியில், இரு வரலாற்றுப் படங்கள் தமிழகத்தில் வெளிவந்தன. ஒன்று, பி. ஆர். பந்துலு இயக்கத்தில் சிவாஜி கணேசன் நடித்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்'. மற்றொன்று, கவியரசு கண்ணதாசன் தயாரித்த 'சிவகங்கைச் சீமை'. முன்னது 1960-இல் கெய்ரோ திரைப்பட விழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருதை ஈட்டித் தந்தது. அதன் ஒளியில் பின்னது மங்கிற்று.

படத்துக் கட்டபொம்மன் தொடக்கம் முதலே ஐயமற்ற வீரன். வரலாற்றுக் கட்டபொம்மனோ நெருக்கடியில் சிக்கிய பாளையக்காரன். கலெக்டர் ஜாக்சனைக் காண ஊர் ஊராகப் பின்தொடர்ந்து, 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் சந்தித்தான். அங்கே கைகலப்பு மூண்டது. விசாரணையின் முடிவில் பதவியிழந்தவர் ஜாக்சனே. அப்போதும் சமாதானக் கதவு அடைபடவில்லை. எனினும் மறு ஆண்டே போர் வந்தது; 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் அவன் தூக்கிலிடப்பெற்றான். பேசிப் பார்த்துப் பின் துணிந்தவன் என்பது அவன் வீரத்திற்கு இழுக்காகுமா? தயக்கத்தை வென்ற துணிவன்றோ பெருந்துணிவு!

படம் தூக்குமரத்தோடு முடிகிறது, வரலாறு முடியவில்லை. 1801-இல் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பிச் சிவகங்கையைச் சேர்ந்தான். அவ்வாண்டு ஜூன் திங்களில், சின்ன மருது எல்லாச் சாதியாரையும் விளித்துத் திருச்சியில் அறிக்கை ஒட்டுவித்தார். அந்நாளில் அரியணையில் இருந்தவர் வேங்கன் பெரிய உடையத் தேவர். ஆட்சியை நடத்தியவர் மருதிருவர். கும்பெனியார் வேறொருவரைச் சிவகங்கைக்கு உரியவராக அறிவித்தனர். மருதிருவர் அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பெற்றனர். மன்னரோ, சின்ன மருதுவின் இளமைந்தன் துரைசாமி உள்ளிட்ட எழுபதுக்கு மேற்பட்டாருடன், 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து பினாங்குத் தீவுக்குக் கப்பலேற்றப்பெற்றார். அவ்வாண்டே சுமத்திராவின் பென்கூலனில் உயிர் நீத்தார்.

இந்தக் கடற்பயணம் நமக்கு அயலானதன்று. 1789-இல் பிளேர் இத்தீவுகளில் அமைத்த குடியிருப்பு, நோயின் கொடுமையால் 1796-இல் கைவிடப்பெற்றது. இங்கிருந்த கைதிகளும் பினாங்குக்கே அனுப்பப்பெற்றனர். அக்குடியிருப்பு நிலைத்திருந்தால், சிவகங்கை மன்னரின் அடிகள் நம் கரையிலேயே பதிந்திருக்கலாம். 1857 எழுச்சிக்குப் பின், 1858 மார்ச்சு 10 அன்று இருநூறு கைதிகள் இங்கே இறக்கப்பெற்றனர். பின்னர்க் கொண்டுவரப்பெற்ற அறிஞர் பசுலுல் ஹக் கைராபாதி 1861-இல் இம்மண்ணிலேயே மறைந்தார். சிவகங்கையில் தொடங்கிய துயரமும் இலக்னோவில் தொடங்கிய துயரமும் ஒரே கடலில் கலந்தன.

அன்பர்களே! போர்ட் பிளேர் என வழங்கி, 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய நம் நகருக்கு, நாமும் நம் முன்னோரும் பிழைப்பு நாடிக் கப்பலேறி வந்தோம். திரும்பிச் செல்லும் வழி நமக்கு உண்டு, அவர்களுக்கு இல்லை. தூக்குமேடையில் நின்றவரைப் பாட நாவுகள் பல. தொலைதீவில் தேய்ந்தவரை நினைக்க யார் உளர்? தீவில் வாழும் நாமன்றோ அதற்கு உரியோர்! அவ்விரு படங்களையும் நம் சங்கத்தில் திரையிடுவோம். விளக்கேற்றிய பின், படம் சொல்லாத பகுதியை நம் பிள்ளைகளுக்கு நாமே சொல்லுவோம்.

வாழ்க தமிழ்!