பிரேக்கைப் பிடுங்கும் வைரஸ்



எனக்குச் சொந்த ஊர் மரக்காணம். உப்புப் பாத்தியில் வரப்பு உடைஞ்சாத்தான் வரப்போட அருமை தெரியும். புற்றுநோய் ஆய்விலும் இதே வழிதான். 1979-ல் கண்டறியப்பட்ட பி53 புரதம், டி.என்.ஏ. பழுதான செல்லைப் பெருகவிடாத பிரேக். அதன் வேலையை அறிய, சோதனைக்கூடத்துச் செல்லில் அந்த மரபணுவை வாயடைக்கிறார்கள். அதற்கான ஆர்.என்.ஏ. துண்டைச் சுமந்து போவது பெரும்பாலும் லென்டிவைரஸ். எச்.ஐ.வி. குடும்பம்!

கேட்டதும் எனக்குப் பகீரென்றது. ஆனால் வைரஸின் பாகங்களைத் தனித்தனியே பிரித்துவிடுகிறார்கள். உள்ளே நுழையும், பெருகாது. நல்ல இன்ஜினியர் வேலை! இருந்தும் கையுறை, பாதுகாப்புப் பெட்டி இல்லாமல் தொடமாட்டார்கள். சரக்கு அப்படி.

அதே வண்டியில் நல்ல சரக்கும் ஏற்றலாம். வேலூர் சி.எம்.சி.யில், கடுமையான ஹீமோஃபீலியா ஏ உள்ள ஐந்து பேரின் ரத்த மூலச் செல்களில் ரத்தம் உறையவைக்கும் எட்டாம் காரணியின் மரபணுவைச் சோதனை முறையில் ஏற்றினார்கள். ஐவருக்கும் அதன்பின் ரத்தக்கசிவே இல்லை என்று 2024 டிசம்பரில் முடிவு வெளிவந்தது.

எங்கள் தெருவில் ஒருத்தன். பல் விழுந்தாலே ரெண்டு நாள் ரத்தம் நிற்காது. இன்று முழங்கால் மடங்காது. போன மாசம் அவனிடம் இதைச் சொன்னேன். "பொல்லாத வைரஸாச்சேடா" என்றான். பாகம் பிரித்த கதையைச் சொன்னேன். "சரி, எனக்கு எப்போ?" என்றான்.