கழிவுநீருக்கும் கணக்குக் கேட்போம்!

காலிக் குடங்களோடு தெருமுனையில் காத்து நின்ற தாய்மார்களே, தோழர்களே!

சென்னையில் தண்ணீர் இல்லை என்கிறார்கள். நான் மறுக்கிறேன். ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊர் இது. 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கிய இதே ஊர்தான், 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வந்த தண்ணீரை எதிர்பார்த்து நின்றது. நான்கே ஆண்டில் இரண்டும் நடந்ததே, இது வானத்தின் குற்றமா? ஏரிகளை மனையாக்கியவர்களின் குற்றம்! பள்ளிக்கரணைச் சதுப்பில் ஊர்க் குப்பையைக் கொட்டியவர்களின் குற்றம்!

தண்ணீருக்காக எங்கெல்லாம் போனோம்! 1983-இல் ஆந்திரத்தோடு ஒப்பந்தம் போட்டுக் கிருஷ்ணா நீரைக் கேட்டோம். வீராணம் ஏரியிலிருந்து குழாய் பதித்தோம். மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரையே குடிநீராக்கினோம். அவற்றை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இத்தனை பாடுபட்டுக் கொண்டுவந்த தண்ணீர், நாம் குளித்துத் துவைத்த பிறகு எங்கே போகிறது? அதில் எவ்வளவோ கூவத்திலும் அடையாற்றிலும் பக்கிங்காம் கால்வாயிலும் சாக்கடையாக ஓடுகிறது. கோடிகளைக் கொட்டிக் கடலிலிருந்து எடுத்ததை, நாற்றத்தோடு கடலுக்கே திருப்பி அனுப்புகிறோம்!

வழி இல்லையா? இருக்கிறது! கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்க, நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் திறனுள்ள நிலையங்கள் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019-இல் வந்துவிட்டன. இரண்டு இடத்தில் முடிந்தது, ஊர் முழுக்க ஏன் முடியாது?

தண்ணீர் வீணாவதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. பாதுகாப்பு இல்லாமல் சாக்கடைக் குழிக்குள் மனிதனை இறக்குவதை 2013 சட்டம் தடை செய்தது. அதன் பிறகும் விஷவாயுவில் சாவு நிற்கவில்லை. செத்தால் 30 லட்சம் ரூபாய் கொடு என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இழப்பீடு உயர்ந்தால் போதுமா? இறக்குவதல்லவா நிற்க வேண்டும்! குழிக்குள் இறங்குகிறவர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிக்காரராகவே இருப்பது தற்செயலா? இந்த நகரத்தின் சுத்தம் சாதியின் தோள்மேல் நிற்கிறது, தோழர்களே!

தேர்தலில் வாக்குக் கேட்டு வருகிறவரிடம், குழாயில் தண்ணீர் வருமா என்று மட்டும் கேட்காதீர்கள். எங்கள் தெருக் கழிவுநீர் எந்த நிலையத்துக்குப் போகிறது என்று கேளுங்கள். அடைப்பை எடுக்க இயந்திரம் வருமா, மனிதன் வருவானா என்று கேளுங்கள். பதில் இல்லாதவருக்கு எங்கள் வாக்கும் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள்!