களைதலும் காத்தலும்

பாடசாலை மண்டபத்திலே பரிசளிப்பு விழா நடைபெற்றுக்கொண்டிருக்கிறது. இன்னும் நாலைந்து பெயர்கள் வாசிக்கப்பட்டதும் ஆறாந் தரத்து மாணவி ஒருத்தியின் பெயர் அழைக்கப்படும். அவளுடைய தாயார் முன்வரிசையில் அமர்ந்து, கையடக்கத் தொலைபேசியை ஆயத்தமாக உயர்த்துகிறார். படமெடுக்க முயன்றதும் திரையில் ஓர் அறிவித்தல் தோன்றுகிறது: சேமிப்பிடம் போதாது.

மேடையிலே பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கப்படுகின்றன. எதை அழிப்பது, எதை விடுவது என்று ஆராய நேரமில்லை. தாயார் வட்ஸ்அப் செயலியைத் திறந்து, அதிலுள்ள உரையாடல்கள் அனைத்தையும், அவற்றோடு வந்த படங்களையும் ஒலிகளையும் சேர்த்து, ஒரே கட்டளையால் துடைத்துவிடுகிறார். இடம் கிடைத்தது. மகள் பரிசு பெறும் படமும் கிடைத்தது. அன்றிரவு அந்தப் படத்தை உறவினருக்கு அனுப்பும்போதுதான் இழந்தது எதுவென்று அவருக்குத் தெரிந்தது. காலமாவதற்குச் சில நாட்களுக்கு முன் அவருடைய தந்தையார் மருத்துவமனைக் கட்டிலிலிருந்து பேசி அனுப்பிய குரற்செய்தியும் அந்தக் குவியலோடு போய்விட்டது. "பிள்ளை, சாப்பிட்டியா?" என்று தொடங்கும் அந்தப் பேச்சு ஒரு நிமிடமளவே நீளமானது. தந்தையாரின் குரலாக அந்த வீட்டில் எஞ்சியிருந்தது அது ஒன்றே.

இவ்வாறான துயரம் இன்று எந்த வீட்டிலும் நேரக்கூடியது. தொலைபேசியில் இடம் நிறைந்துவிடுவது சிறு தொல்லையாகத் தோன்றலாம். ஆனால் குடும்பத்தின் நினைவுகளும் உறுதிகளும் கடிதங்களும் அந்தச் சிறு கருவிக்குள்ளேயே குடிபுகுந்துவிட்ட காலம் இது. அங்கே ஒதுக்கித் துப்புரவு செய்வதும் பெட்டகத்தைத் திறந்து ஒதுக்குவதற்கு ஒப்பான காரியமேயாகும். அதற்கும் ஒரு முறையும் நிதானமும் வேண்டும்.

முதலிலே, இந்தச் சேமிப்பிடம் என்பது யாதென அறிதல் நன்று. 1956ஆம் ஆண்டிலே ஐ.பி.எம். நிறுவனம் கணினிக்கென ஒரு தட்டுச் சேமிப்புக் கருவியை வெளியிட்டது. இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுகள் அதனுள்ளே சுழன்றன. அதன் எடை ஒரு தொன்னுக்கு மேற்பட்டது. அத்துணைப் பெரிய கருவியிலே அடங்கியவை ஏறத்தாழ ஐம்பது இலட்சம் எழுத்துகள். இன்று சாதாரணத் தொலைபேசியால் எடுக்கப்படும் ஒரே ஒரு வண்ணப் படத்துக்கு அதன் கொள்ளளவு முழுவதும் ஏறக்குறைய வேண்டியிருக்கும். பின்னர் 1980களிலே யப்பானிய தொஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய புஜியோ மசுவோக்கா என்னும் பொறியியலாளர் பிளாஷ் நினைவகத்தை உருவாக்கினார். மின்சாரம் நின்ற பின்னும், நுண்ணிய சிறைகளுக்குள் அடைபட்ட மின்னேற்றமாகத் தகவல் நிலைத்து நிற்பது அதன் சிறப்பு. இன்றைய தொலைபேசிகளின் சேமிப்பகம் அதன் வழிவந்ததே.

அறுபத்துநான்கு ஜிகாபைட் என்று விற்கப்படும் தொலைபேசி அவ்வளவு இடத்தையும் உரிமையாளருக்குத் தருவதில்லை. கருவியை இயக்கும் மென்பொருளும் அதனோடு வரும் செயலிகளும் பத்து ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட இடத்தைத் தாமே எடுத்துக்கொள்வது உண்டு. எஞ்சிய இடத்தை நிரப்புவன எவை? ஒரு படம் இரண்டு முதல் ஐந்து மெகாபைட் வரை கொள்ளும். உயர்தரக் காணொளி ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ அறுபது முதல் நூற்று முப்பது மெகாபைட் வரை கொள்ளும். ஆகவே பத்து நிமிடக் காணொளி ஒன்று ஒரு ஜிகாபைட்டையும் தாண்டக்கூடும்.

இவையேனும் உரிமையாளர் தாமே எடுத்தவை. அவர் எடுக்காதவை எத்தனை! காலை வணக்கம் கூறும் பூப்படங்கள், பத்துப் பேர் கைமாறி வந்த நகைச்சுவைக் காணொளிகள், பல குழுக்களில் மீண்டும் மீண்டும் சுற்றிவரும் அறிவித்தல்கள் ஆகிய இவையெல்லாம் வட்ஸ்அப் வழியாக வந்து, கேளாமலே தொலைபேசிக்குள் இறங்கிவிடுகின்றன. வந்து சேரும் படங்களைத் தானாகவே இறக்கிக்கொள்ளுமாறு அச்செயலி அமைக்கப்பட்டிருப்பதே இதற்குக் காரணம். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனா நோயினால் இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, ஆசிரியர்கள் பாடக் குறிப்புகளையும் பயிற்சித் தாள்களையும் இவ்வழியிலேயே மாணாக்கருக்கு அனுப்பினர். அன்று பேருதவி செய்த அத்தாள்கள், பிள்ளைகள் அடுத்தடுத்த தரங்களுக்குச் சென்ற பின்னும் பெற்றோரின் தொலைபேசிகளில் கிடப்பது இயல்பு.

இங்கே ஓர் உண்மையைக் கருதுதல் வேண்டும். ஒரு நிமிடக் குரற்செய்தி ஒரு மெகாபைட்டுக்கும் குறைவான இடத்தையே கொள்கிறது. ஒரு நிமிடக் காணொளியை அழித்தால் வரும் இடத்தில் அத்தகைய குரற்செய்திகள் அறுபதுக்கு மேல் அடங்கும். எழுத்தாலான செய்திகளோ அதனினும் மிகச் சிறியன. ஆகவே தந்தையாரின் குரலை அழித்ததனால் அந்தத் தாயார் பெற்ற இடம் ஒரு படத்துக்கும் போதாதது. பெறுமதி மிக்கவை பெரும்பாலும் சிறியன. இடத்தை அடைப்பவை பெரும்பாலும் பெறுமதியற்றன. அனைத்தையும் ஒருங்கே அழிப்பவர் இழப்பது மிகுதி. பெறுவதோ தெரிந்தெடுத்து அழிப்பவர் பெறுவதற்குச் சற்றே கூடுதலானது.

பனையோலையில் எழுதிவந்த காலத்திலே தமிழர் இவ்விடயத்தில் ஓர் ஒழுங்கைக் கைக்கொண்டிருந்தனர். ஓலை நாளடைவில் நைந்துபோகும், செல்லரிக்கும். ஆதலின் பழைய ஏட்டைப் புதிய ஏட்டிலே பெயர்த்தெழுதி, அதன் பின்னரே பழையதைக் கைவிடுவர். தமிழகத்திலே ஆடி மாதம் பதினெட்டாம் நாளில் பழைய ஏடுகளை ஆற்று வெள்ளத்தில் விடும் வழக்கமும் இருந்தது என்பர். பெயர்த்தெழுதுவோர் அருகிய காலத்தில் எழுதும் வழக்கம் நின்றது. ஆற்றில் விடும் வழக்கம் மட்டும் எஞ்சியது. எத்தனையோ நூல்கள் அவ்வாறு மறைந்தன. எஞ்சிய ஏடுகளைத் தேடி அச்சேற்றியவர்களுள் ஒருவர், 1832இல் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிலே பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள். 1887ஆம் ஆண்டிலே கலித்தொகையைப் பதிப்பித்தவர் அவரே. முதலிற் பெயர்த்தெழுதுதல், பின்னர்க் கைவிடுதல் என்னும் அந்த ஒழுங்கு ஓலைக்கு மட்டும் உரியதன்று.

எனவே, தொலைபேசியைத் துப்புரவு செய்யப் புகுவோர் முதலிற் செய்யவேண்டியது அழித்தலன்று, பிரதி எடுத்தலேயாகும். இழந்தால் மீண்டும் பெறமுடியாதவை எவையெனத் தீர்மானித்தல் வேண்டும். குடும்பப் படங்கள், மறைந்தோர் குரல்கள், பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி போன்றவற்றின் படங்கள் ஆகியன அத்தகையவை. இவற்றை ஒரு கணினியிலோ பென்ட்ரைவிலோ பதிந்து வைக்கலாம். இணையவழிச் சேமிப்பகங்களும் உண்டு. கூகுள் நிறுவனம் ஒருகாலத்தில் படங்களை அளவின்றி இலவசமாகச் சேமிக்க இடமளித்தது. 2021 ஜூன் 1ஆம் திகதி தொடக்கம் அது நின்றது; அன்றிலிருந்து ஏற்றப்படும் படங்கள், மின்னஞ்சலும் ஏனைய கோப்புகளும் பங்கிட்டுக்கொள்ளும் கணக்குக்குள்ளேயே அடங்கவேண்டியவை ஆயின. ஆதலின் இணையத்தில் எல்லாம் இருக்கிறது என்று எண்ணியிராமல், உண்மையில் ஏறியிருக்கின்றனவா என்று திறந்து பார்த்தல் நன்று. பெறுமதி மிக்கவை இரண்டு இடங்களில் இருத்தல் வேண்டும். தொலைபேசி தண்ணீரில் விழுந்தாலும், பேருந்தில் தவறினாலும், மற்றையது எஞ்சும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உரியது. தொலைபேசியும் இணையச் சேமிப்பகமும் ஒன்றோடொன்று இணைந்திருக்கையில், படத்தை ஓரிடத்தில் அழித்தால் மற்ற இடத்திலும் அது அழிந்துவிடும். கூகுள் போட்டோசும் ஐபோனின் படச் சேமிப்பும் இவ்வாறு இயங்குபவை. தொலைபேசியில் உள்ளதை மட்டும் நீக்கி இணையத்தில் உள்ளதைக் காப்பதற்குக் கூகுள் போட்டோசில் தனிக் கட்டளை உண்டு. அதனையே பயன்படுத்தல் வேண்டும்.

பிரதி எடுத்தாயிற்று என்றால், அடுத்தது களைதல். வயலில் களையெடுப்பவர் முதலிற் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதைப் பிடுங்குவார். இங்கும் அவ்வாறே. தொலைபேசியின் அமைப்புப் பகுதியிலே சேமிப்பிடம் என்னும் பக்கத்தைத் திறந்தால், எவ்வகைக் கோப்பு எவ்வளவு இடத்தைக் கொண்டுள்ளது என்பது கணக்காகத் தெரியும். வட்ஸ்அப் செயலிக்குள்ளும் சேமிப்பிடத்தை நிர்வகிக்கும் பகுதி ஒன்று உண்டு. ஐந்து மெகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்புகளையும், பலமுறை கைமாறி வந்தவற்றையும் அது வேறுவேறாகப் பிரித்துக் காட்டும். பலமுறை கைமாறி வந்தவற்றுள் குடும்ப நினைவுகள் இருப்பது அரிது. ஒவ்வொன்றாகப் பார்த்து அவற்றை நீக்குவதற்கு அரைமணி நேரம் போதும். கிடைக்கும் இடமோ பெரிது.

அடுத்து, இணையத்திலிருந்து இறக்கப்பட்ட கோப்புகள் குவியும் பகுதியைப் பார்த்தல் வேண்டும். ஒருமுறை வாசித்த சுற்றுநிருபம், மும்முறை இறக்கிய ஒரே விண்ணப்பப் படிவம், பார்த்து முடிந்த திரைப்படம் ஆகியன அங்கே கிடக்கும். ஒரே காட்சியை ஏழெட்டுத் தடவை எடுத்த படங்களுள் தெளிவான ஒன்றை வைத்து மற்றையவற்றை நீக்கலாம். நெடுங்காலம் திறக்கப்படாத செயலிகளையும் அகற்றலாம்.

செயலிகளைப் பொறுத்தவரை ஒரு வேறுபாட்டை அறிந்திருத்தல் அவசியம். அன்ட்ரொய்ட் தொலைபேசிகளில் ஒவ்வொரு செயலிக்கும் இரண்டு கட்டளைகள் காணப்படும். ஒன்று, செயலி தன் விரைவுக்காகச் சேர்த்து வைத்த தற்காலிகக் கோப்புகளை நீக்குவது. அதனால் தீங்கில்லை, வேண்டியதைச் செயலி மீண்டும் சேர்த்துக்கொள்ளும். மற்றையது, செயலியின் தரவு முழுவதையும் நீக்குவது. அது வீட்டைக் கூட்டுவது போன்றதன்று, வீட்டை வெறிதாக்குவது. அருகருகே நிற்கும் இக்கட்டளைகளுள் ஒன்றுக்காக மற்றதை அழுத்திவிடல் ஆகாது. இடத்தைத் தாமே துப்புரவு செய்வதாக விளம்பரம் செய்யும் செயலிகளை நம்பி இறக்கவும் தேவையில்லை. அவற்றுட் பல விளம்பரங்களால் நிறைந்தவை. தொலைபேசியோடு வரும் வசதிகளே இக்காரியத்துக்குப் போதுமானவை.

நீக்கிய படங்கள் உடனே மறைந்துவிடுவதுமில்லை. ஐபோனில் அவை முப்பது நாட்கள் வரை தனித் தொகுதியில் வைக்கப்பட்டிருக்கும். கூகுள் போட்டோசில், பிரதி ஏற்றப்பட்ட படங்கள் அறுபது நாட்கள் வரை குப்பைக் கூடையில் இருக்கும். தவறுதலாக நீக்கியதை அக்காலத்துள் மீட்கலாம். ஆயின் வட்ஸ்அப் உரையாடலைத் துடைத்தால் அதற்கு அத்தகைய கூடை இல்லை. செய்தி உரியவரைச் சேர்ந்த பின் அந்த நிறுவனம் அதனைத் தன்னிடம் நிலையாக வைத்திருப்பதுமில்லை. முன்னரே எடுத்து வைத்த காப்புப் பிரதி இருந்தாலன்றி மீட்பது அரிது. ஆகவே அங்கே கை வைப்போர் இருமுறை எண்ணுதல் வேண்டும்.

களைந்த நிலத்தில் மீண்டும் களை முளைக்காதிருக்கவும் வழி உண்டு. வட்ஸ்அப் அமைப்பிலே, படங்களும் காணொளிகளும் தானாக இறங்குவதை நிறுத்திவிடலாம். அதன்பின் விரும்பியதைத் தொட்டால் மட்டுமே அது இறங்கும். சேமிப்பகத்தை விளிம்புவரை நிரப்பாது ஒரு பகுதியை வெறுமையாக விடுதலும் நன்று. பிளாஷ் நினைவகத்தில் பழையதன் மேலேயே புதியதை எழுத முடியாது. ஒரு தொகுதியை முழுவதும் அழித்த பின்னரே அங்கு எழுதலாம். வெற்றிடம் குறைந்தால் உள்ளவற்றை அங்குமிங்கும் நகர்த்தி இடம் பண்ணவேண்டியிருப்பதால் கருவி தளர்கிறது. பாதுகாப்புக்கான புதுப்பித்தல்களும் இடமின்றி நின்றுவிடும்.

மாதத்தில் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்கினால், பரிசளிப்பு மேடையின் முன்னே பதற நேராது. அவசரத்தில் அழிப்பவருக்குத் தெரிவு இல்லை. அமைதியாக அமர்ந்து அழிப்பவருக்கே தெரிவு உண்டு.

அந்தத் தாயாரின் கதைக்கு ஒரு முடிவு உண்டு. தந்தையார் மருத்துவமனையிலிருந்து அந்தக் குரற்செய்தியைக் குடும்பத்தவர் அனைவரும் உள்ள குழுவுக்கே அனுப்பியிருந்தார். கனடாவில் வாழும் மூத்த சகோதரி தம் தொலைபேசியில் எதையும் அழித்திருக்கவில்லை. விடயத்தைக் கேள்வியுற்ற அவர், அன்றிரவே அதனைத் தேடியெடுத்துத் திருப்பி அனுப்பினார். பரிசு பெற்ற சிறுமி பாட்டனாரின் குரலை மீண்டும் கேட்டாள். கடல் கடந்த நாட்டிலே ஒரு பிரதி இருந்ததனால் அக்குரல் பிழைத்தது. மறுநாட் காலையிலே தாயார் முதலிற் செய்த காரியம், அதனைப் பென்ட்ரைவ் ஒன்றிலே பதிந்து, காணி உறுதி வைத்திருந்த பெட்டகத்துள் வைத்துப் பூட்டியதேயாம். அதன் பின்னரே அவர் காலை வணக்கப் பூப்படங்களை ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினார்.