ஆயாக் கொட்டகை போன பிறகு நம் பிள்ளைகளை யார் பார்ப்பது?

(குறைந்த வருமானம் பெறும் குடும்பங்களின் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கூட்டத்திற்கு வர முடியாமல் இதைப் படிக்கும் உங்களுக்கும் சேர்த்தே பேசுகிறேன். முதலில் ஒரு கேள்வி. நீங்கள் இன்று வேலைக்குப் போன நேரத்தில் உங்கள் சின்னப் பிள்ளை யாரிடம் இருந்தது?

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஆயாக் கொட்டகை நினைவிருக்கும். விடிவதற்கு முன்பே அம்மாவும் அப்பாவும் பெரட்டுக்குக் கிளம்புவார்கள். போகிற வழியில் தூங்குகிற பிள்ளையை ஆயாவிடம் விட்டுவிட்டுப் போவார்கள். அங்கே எழுத்து சொல்லிக் கொடுக்கவில்லைதான். ஆனால் பிள்ளை பசியோடு கிடக்கவில்லை, தனியாகவும் கிடக்கவில்லை.

இது துரை காட்டிய கருணை அல்ல. பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் தாய் பால்மரம் வெட்ட வரமாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் கொட்டகை பெரட்டு நேரத்திற்கு முன்பே திறந்தது. தோட்டங்களில் குழந்தைக் காப்பகம் அமைப்பது முதலாளியின் கடமை என்பது பிற்காலத்தில் சட்டத்திலும் ஏறியது. 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்பு, வசதிகளுக்கான குறைந்தபட்சத் தரச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள்.

பிறகு என்ன நடந்தது? 1980-களிலிருந்து தோட்டங்கள் வீடமைப்புக்கும் நெடுஞ்சாலைக்கும் தொழிற்பேட்டைக்கும் விற்கப்பட்டன. நம் மக்கள் புறம்போக்கு நிலங்களுக்கும், அங்கிருந்து மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் தள்ளப்பட்டார்கள். வீடு கேட்டுப் போராடினோம். கோயிலுக்காகப் போராடினோம். தமிழ்ப்பள்ளிக்காகப் போராடினோம். ஆயாக் கொட்டகைக்காக யாரும் ஒரு மகஜர்கூட கொடுக்கவில்லை. அது சத்தமில்லாமல் மறைந்து போனது.

அதன் விலை என்ன என்பதை ஒரு தாய் எனக்குப் புரிய வைத்தார். துப்புரவுக் குத்தகை நிறுவனம் ஒன்றில் வேலை செய்பவர். காலை 7 மணி முதல் மாலை 3 மணி வரை வேலை. கணவர் லாரி ஓட்டுநர். பத்து வயது மகன் அடிக்கடி பள்ளிக்கு வரவில்லை என்று பள்ளியிலிருந்து வந்த எச்சரிக்கைக் கடிதத்தோடு என் அலுவலகத்திற்கு வந்தார். "ஏன் பையனை அனுப்பவில்லை?" என்று கேட்டேன். "அண்ணன ஸ்கூலுக்கு அனுப்பிட்டா தங்கச்சிய யாரு சார் பாக்குறது?" என்று திருப்பிக் கேட்டார்.

அந்தத் தங்கைக்கு ஐந்து வயது. அவளுக்குப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியின் பாலர் வகுப்பில் இடம் கிடைத்திருந்தது. கட்டணம் இல்லை, சாப்பாடும் உண்டு. மூன்று வாரம் போனாள். நண்பகலில் வகுப்பு முடிந்ததும் கூட்டிவர ஆள் இல்லை. நின்றுவிட்டாள். அவளைப் பார்த்துக்கொள்ள அண்ணன் வீட்டில் நின்றான். ஒரு பிள்ளைக்குக் கிடைத்த இலவசக் கல்வியும் போய், இன்னொரு பிள்ளையின் கல்வியும் போனது.

இனி சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 1996-ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தில் 2002-இல் சேர்க்கப்பட்ட 29ஏ பிரிவு ஆரம்பக் கல்வியைக் கட்டாயமாக்கியது. பிள்ளையைப் பள்ளியில் சேர்த்து அங்கே தொடர்ந்து படிக்கச் செய்யத் தவறும் பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அந்தத் தாயை மிரட்டச் சட்டம் இருக்கிறது. அவர் வேலைக்குப் போகும் எட்டு மணி நேரத்திற்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு இல்லை.

அரசாங்கம் எதுவுமே செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். கல்வி அமைச்சின் பாலர் வகுப்புகள் இருக்கின்றன. ஒரு வகுப்பில் 25 பிள்ளைகள், ஓர் ஆசிரியர், ஓர் உதவியாளர். கெமாஸ் பாலர் பள்ளிகளும் ஒருமைப்பாட்டு இலாகாவின் பாலர் பள்ளிகளும் இருக்கின்றன. அவை நம் வரிப்பணத்தில் நடப்பவை. நம் பிள்ளைகளுக்கும் அங்கே உரிமை உண்டு. கூட்டரசு அரசியலமைப்பின் 12-ஆவது பிரிவு, அரசு நடத்தும் கல்விக்கூடங்களில் சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணமாக வைத்துக் குடிமக்களிடம் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. தயங்காமல் போய்க் கேளுங்கள்.

ஆனால் 25 இடங்கள் நிரம்பிய பிறகு வரும் 26-ஆவது பிள்ளை எங்கே போகும்? இடம் கிடைத்த பிள்ளைக்கும் ஏறக்குறைய நான்கு மணி நேர வகுப்பு மட்டும்தான். மீதி நேரத்திற்கு யார் பொறுப்பு?

1995-இல் மலேசியா ஐ.நா. சிறுவர் உரிமை உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. சில பிரிவுகளை மட்டும் ஏற்க மறுத்தது. 18-ஆவது பிரிவு அந்த மறுப்புப் பட்டியலில் இல்லை. வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகள் காப்பக வசதியைப் பெற அரசு வேண்டியதைச் செய்ய வேண்டும் என்பதே அந்தப் பிரிவு. அரசே ஒப்புக்கொண்ட கடமையைத்தான் கேட்கிறோம். பிச்சை கேட்கவில்லை.

இன்று நம் அடுக்குமாடிகளில் அந்தக் கடமையைச் சுமப்பது யார்? நாலாவது மாடி அக்காவும், கீழ் வீட்டுப் பாட்டியும். அவர்கள்தான் இன்றைய ஆயாக்கள். ஆனால் 1984-ஆம் ஆண்டு குழந்தைக் காப்பகச் சட்டப்படி, நான்கு வயதுக்கு உட்பட்ட நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கட்டணம் வாங்கிப் பார்த்துக்கொள்பவர் சமூகநல இலாகாவில் பதிந்துகொள்ள வேண்டும். பிள்ளைகளின் பாதுகாப்புக்கு அந்தச் சட்டம் தேவை, நான் எதிர்க்கவில்லை. பத்துக்கும் குறைவான பிள்ளைகளை வீட்டிலேயே வைத்து நடத்தவும் அதில் வழி இருக்கிறது. ஆனால் பாரம் நிரப்பவும், பயிற்சிக்குப் போகவும், இலாகா இலாகாவாக அலையவும் அந்த அக்காவுக்கு யார் உதவுகிறார்கள்? உதவினால் அவருக்கும் கௌரவமான வருமானம், பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு.

ஆகவே நம் கோரிக்கைகள் நான்கு.

ஒன்று, தேவையுள்ள ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியிலும் போதுமான பாலர் வகுப்புகள்.

இரண்டு, வகுப்பு முடிந்த பிறகும் தாய் வேலை முடிந்து வரும்வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு.

மூன்று, ஒவ்வொரு மலிவு விலை அடுக்குமாடியிலும் பதிவு பெற்ற காப்பகம். அங்கே வசிக்கும் பெண்களுக்கே இலவசப் பயிற்சியும் சம்பளமும்.

நான்கு, வீடு தேடி வந்து பத்திரங்களுக்கும் உதவித் தொகைக்கும் வழிகாட்டும் குடும்பநல ஊழியர்.

கோரிக்கை நிறைவேறும்வரை நாம் சும்மா இருக்கக்கூடாது. பிள்ளை பிறந்து 60 நாளுக்குள் பிறப்பைப் பதியுங்கள். தாலி கட்டியதோடு நிற்காமல் திருமணத்தைச் சட்டப்படி பதியுங்கள். பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளையின் குடியுரிமை தாயைப் பொறுத்தே அமையும். தாயிடம் பத்திரம் இல்லையென்றால் தகப்பன் குடிமகனாக இருந்தும் பிள்ளை தவிக்கும். பத்திரம் இல்லாத பிள்ளைக்குப் பாலர் பள்ளி வாசலிலேயே சிக்கல் தொடங்கிவிடும்.

வருமானம் போதாத குடும்பங்களுக்குச் சமூகநல இலாகாவின் சிறுவர் உதவித் தொகை உண்டு. 2021 வரவு செலவுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு மாதம் 200 வெள்ளி என்று அறிவித்தார்கள். விண்ணப்பம் செய்யுங்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பாலர் வகுப்பில் இடம் இல்லை என்றாலும் எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லை வைத்து நாங்கள் வழக்கறிஞர்கள் ஒன்றும் செய்ய முடியாது. உங்களைப் போல் நூறு பேரிடம் நூறு கடிதம் இருந்தால், அதைக் கொண்டு எந்த அமைச்சரின் வாசலிலும் நிற்கலாம்.

அந்தத் தாய் இப்போதும் அதே வேலையில்தான் இருக்கிறார். பள்ளியோடு பேசி மகனை ஒழுங்காக வரச் செய்தோம். மகளை நண்பகலில் கூட்டிவருபவர் பக்கத்து வீட்டு அக்கா. அந்த அக்கா என்றைக்காவது காய்ச்சலில் படுத்தால் அண்ணன் மறுபடியும் வீட்டில் நிற்பான்.

தோட்டத்துத் துரை தன் இலாபத்துக்காகவாவது ஒரு கொட்டகை போட்டார். சுதந்திர நாட்டில், நம் ஓட்டை வாங்கும் அரசு அதைவிடக் குறைவாகக் கொடுப்பதை ஏற்க முடியாது. உங்கள் அடுக்குமாடியில் எத்தனை பிள்ளைகள், எத்தனை பேருக்குப் பாலர் பள்ளி இல்லை என்று இந்த வாரமே எண்ணத் தொடங்குங்கள். அந்தக் கணக்கோடு வாருங்கள். சேர்ந்தே கேட்போம்.