நீதிக்குப் பக்கம் இல்லை

(பிலிமத்தலாவையில் தமிழ் விவசாயிகளும் உத்தியோகத்தர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நீதியைப் பற்றிப் பேசுவதற்கு இவ்வூரைக் காட்டிலும் பொருத்தமான ஊர் வேறில்லை என்று நாம் கருதுகிறோம். அதற்குக் காரணம் உண்டு.

1818ஆம் ஆண்டில் ஆங்கில ஆட்சியை எதிர்த்துக் கண்டி மக்கள் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. அதில் ஈடுபட்ட தலைவர்களுள் ஒருவர், இவ்வூரின் பெயரையே குடிப்பெயராகக் கொண்ட பிலிமத்தலாவை. உயிர் தப்பி ஓடிய அவர், வழியில் எல்லாளனுடைய சமாதி இருக்கும் இடத்தை நெருங்கியதும் பல்லக்கை விட்டு இறங்கினார். நடக்கவும் இயலாத அளவுக்கு அவர் சோர்ந்திருந்தார். சமாதி எங்கே இருக்கிறது என்பதும் அவருக்குத் திட்டமாகத் தெரியாது. ஆயினும் அதனைக் கடந்து வெகுதூரம் வந்தாயிற்று என்று பிறர் உறுதி கூறும் வரைக்கும் அவர் நடந்தே சென்றார். இலங்கையில் பணிபுரிந்த மேஜர் ஃபோர்ப்ஸ் தம் நூலிலே இதனை எழுதி வைத்திருக்கிறார்.

எல்லாளன் யார்? சோழ நாட்டிலிருந்து வந்து, அநுராதபுரத்தில் நாற்பத்து நான்கு ஆண்டுகள் அரசோச்சிய தமிழ் மன்னன் என்று மகாவம்சம் கூறுகிறது. பகைவன், நண்பன் என்ற வேறுபாடின்றி வழக்குகளைத் தீர்த்தான் என்றும், முறையிட வருவோர் இழுத்து அடிக்கத் தன் படுக்கையருகே மணி கட்டி வைத்தான் என்றும், கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனுக்கே மரண தண்டனை விதித்தான் என்றும் அந்நூல் சொல்கிறது. எழுதியவர் தமிழ்ப் புலவர் அல்லர், பௌத்த பிக்கு. அவனைப் போரிலே கொன்ற துட்டகைமுனுவே அவனுக்குச் சமாதி எழுப்பி, அதற்கு மரியாதை செலுத்தும்படி கட்டளையிட்டான். அவ்விடத்தை அணுகும்போது மன்னர்களும் தம் வாத்தியங்களை நிறுத்திச் செல்லும் வழக்கம் நிலைத்தது.

மணியும் பசுவும் வரலாறா, கதையா என்று வாதாடலாம். ஆனால் தோற்றவனுடைய நீதியை வென்றவனுடைய வரலாற்று நூல் போற்றுகிறது என்பதில் வாதத்துக்கு இடமில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின், துரத்தப்பட்ட சிங்களத் தலைவர் ஒருவர் ஒரு தமிழ் மன்னனுக்காகத் தம் தளர்ந்த கால்களை மண்ணில் ஊன்றினார். வீரத்துக்குப் பக்கம் உண்டு. வெற்றிக்குப் பக்கம் உண்டு. நீதிக்குப் பக்கம் இல்லை. நாம் இன்று சொல்ல வந்தது இது ஒன்றே.

இரண்டு சட்டங்கள்

நீதி வேறு, சட்டம் வேறு. சட்டம் படித்துச் சட்டத்தால் பிழைக்கும் நாமே இதனைச் சொல்கிறோம். இந்த மலைநாட்டில் நடந்த இரண்டு சட்டங்களின் கதையைக் கேளுங்கள்.

முதலாவது, 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். காடும் தரிசும், பயிரிடப்படாத நிலமும் மறுதலை நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியவை என்று அது விதித்தது. கண்டிக் குடியானவன் தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்த நிலத்துக்கு உரிமை கோரினால், சன்னஸ் காட்ட வேண்டும். அல்லது வழக்கமான வரியோ ஊழியமோ செலுத்தியதை நிறுவ வேண்டும். அவனிடம் பாட்டன் சொன்ன எல்லையும் உழுத வடுவும் இருந்தன, பத்திரம் இல்லை. மலைநாட்டின் நிலம் ஏக்கர் ஏக்கராகக் கோப்பித் தோட்டங்களுக்குப் போயிற்று.

இரண்டாவது, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாக அழைத்து வரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளைப் பார்த்து அது கேட்டது: நீ இங்கே பிறந்தாய் என்பது போதாது, உன் தகப்பன் இங்கே பிறந்தானா? இல்லையேல் உன் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா? சான்று எங்கே? லயத்து அறையிலே பிறந்து லயத்து அறையிலே மாண்டவர்களின் பிள்ளைகள் சான்றுக்கு எங்கே போவார்கள்? மறு ஆண்டு இந்திய, பாக்கிஸ்தானிய வதிவாளர் சட்டம் ஒரு சிறு கதவைத் திறந்தது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் சென்றன. உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர். அதே 1949இல் பிரஜை அல்லாதோரின் வாக்குரிமையும் பறிக்கப்பட்டது.

இரண்டு சட்டங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று சிங்களக் குடியானவனைத் தாக்கியது. மற்றது தமிழ்த் தொழிலாளியைத் தாக்கியது. முறை ஒன்றுதான். ஏழையிடம் இல்லை என்று தெரிந்த கடதாசியை ஏழையிடமே கேட்பது; நிரூபிக்கும் பாரத்தை, தூக்க முடியாதவன் தலையிலே வைப்பது. ஆனால் நாம் இந்த இரண்டாவது அநீதியை மட்டும் மேடைதோறும் முழங்குகிறோம். அவர்கள் முதலாவதை மட்டும் முழங்குகிறார்கள். தன் காயத்தை மட்டும் எண்ணுகிறவன் நீதி கேட்கவில்லை, வழக்குப் பேசுகிறான்.

சட்டம் வென்றது, நீதி எங்கே?

கடுகண்ணாவை மலையைக் கடந்து கீழே இறங்கினால் கேகாலை. அம்மாவட்டத்து ருவன்வெல்லைத் தொகுதியில் வாக்காளராகத் தம் பெயரைப் பதியும்படி கோடகன்பிள்ளை என்பவர் விண்ணப்பித்தார். பிரஜை அல்லர் என்று மறுக்கப்பட்டது. ஒரு சமூகத்தாருக்கு மட்டும் பாதகம் விளைக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக் கூடாது என்று சோல்பரி அரசியல் திட்டத்தின் 29ஆம் பிரிவு சொல்லவில்லையா என்று அவர் கேட்டார். இடாப்பைத் திருத்தும் அதிகாரி அவருக்குச் சார்பாகத் தீர்த்தார். 1951இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை இரத்துச் செய்தது. 1953இல் பிரிவி கவுன்சிலும் மேன்முறையீட்டைத் தள்ளிவிட்டது. தன் பிரஜைகள் யாவர் என்று வகுப்பது ஒரு நாட்டின் சட்டசபைக்கு இயல்பான அதிகாரம் என்பது அவர்கள் கண்ட முடிவு. சட்டத்தின் வாசகத்திலே எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை. பெயர் இல்லாமலே ஒரு சமூகத்தை வெளியே நிறுத்த முடியும் என்பதை இந்த நாடு அன்று கற்றுக்கொண்டது.

அச்சட்டங்கள் வந்தபோது தமிழ்ப் பிரதிநிதிகள் எல்லோரும் ஒரே பக்கம் நிற்கவில்லை. 1949ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அமைச்சரவையிலிருந்த தமிழ்த் தலைவர்களும் துணை நின்றார்கள். அதனை ஏற்க மறுத்துப் பிரிந்தவர்களுள் செல்வநாயகம் முதன்மையானவர். என். எம். பெரேரா முதலிய இடதுசாரிச் சிங்களத் தலைவர்களும் பிரஜாவுரிமைச் சட்டத்தை எதிர்த்தார்கள். நீதி இனத்தைப் பார்த்து வருவதில்லை என்பதற்கு அப்பாராளுமன்றமே சாட்சி.

பின்னர் 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மனிதரை இரு நாடுகளுக்கிடையே தொகை போட்டுப் பங்கு பிரித்தது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சியோர் பின்னர் பார்ப்பதற்கு. 1988ஆம் ஆண்டுச் சட்டமும், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் வந்த பின்னரே அந்தக் கணக்கு முடிந்தது. 1948 முதல் 2003 வரை ஐம்பத்தைந்து ஆண்டுகள்! ஒரு மனிதன் பிறந்து, கொழுந்து கிள்ளி, பேரப்பிள்ளை கண்டு சாகும் காலம்.

நம் வாசற்படி

இதுவரை சொன்னது அரசாங்கத்தின் அநீதி. அதனைச் சொல்லிக் கைதட்டு வாங்குவது எளிது. இனிச் சொல்வது எளிதன்று.

நாம் தொழில் தொடங்கிய காலத்தில் ஒரு முதியவர் தகரப் பெட்டி ஒன்றுடன் நம் அலுவலகத்துக்கு வந்தார். தோட்டத் தொழிலாளி. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின், தம் பத்திரங்களை ஒழுங்கு செய்ய வந்தவர். விடிந்ததும் வந்து விறாந்தையில் நின்றார். அவருக்குப் பின்னால் வந்த காணிச் சொந்தக்காரர் ஒருவரை நாம் உள்ளே அழைத்து ஆசனம் கொடுத்தோம். அடுத்து வந்த உத்தியோகத்தரையும் அவ்வாறே. நண்பகலில் முதியவரைக் கூப்பிட்டு, "தாமதமாகிவிட்டது" என்றோம். அவர் சிரித்துக்கொண்டே, "பரவாயில்லைங்க ஐயா, நிக்கிறது நமக்குப் பழக்கந்தானே" என்றார்.

அவரை நிற்க வைத்தது எந்தப் பாராளுமன்றமும் அன்று, நாமே. எந்தச் சட்டமும் அதனைக் குற்றம் என்று சொல்லாது. ஆனால் ஐம்பத்தைந்து ஆண்டு அநீதியின் ஒரு முற்பகல் நம் விறாந்தையிலே நடந்தது.

வள்ளுவர் செங்கோன்மையைப் பொருட்பாலில் அரசியலிலே வைத்தார். நடுவு நிலைமையையோ அறத்துப்பாலில், இல்லறத்தானுக்கு உரிய பண்பாக வைத்தார். இந்த வைப்புமுறையிலே பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. வீட்டிலே தராசு கோணினால் மன்றத்திலே அது நேராக நிற்காது. பிறர் தமக்குச் செய்யாதபோது மட்டும் நினைவுக்கு வருவது நீதி அன்று; நாம் பிறர்க்குச் செய்யாதபோது உறுத்துவதே நீதி.

ஆகவே நம்மையே கேட்போம். 1977ஆம் ஆண்டு வன்முறைக்கு அஞ்சி வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய மலையக மக்களைத் தமிழர் என்று அணைத்தோமா, மலிந்த கூலிகள் என்று கணக்கிட்டோமா? 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் தமிழ்த் துப்பாக்கிகளால் விரட்டப்பட்டபோது நம்மில் எத்தனை பேர் வாய் திறந்தோம்? நம் வயலிலே ஆணும் பெண்ணும் ஒரே வெயிலில் நின்றால் ஒரே கூலி கொடுக்கிறோமா? சாதி பார்த்துக் கிணற்றையும் கோயிற் கதவையும் மூடியவர்கள் அரசாங்கத்திடம் சமத்துவம் கேட்பதற்கு எந்த முகத்தோடு செல்வது?

இவற்றைச் சொன்னால் நம் கோரிக்கை பலவீனப்படும் என்று சில நண்பர்கள் அஞ்சுகிறார்கள். இல்லை. இன்றும் லயத்து அறைகளிலே காணி உறுதியில்லாமல் வாழ்கிற குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு வீடும் நிலமும் உறுதியும் வேண்டும் என்று நாம் கேட்போம், விடாமல் கேட்போம். அதே மூச்சில், சேனையை இழந்த கண்டிக் குடியானவனின் பேரனுக்கும் நிலம் வேண்டும் என்று கேட்போம். அப்போது அவனும் நம் பக்கத்தில் வந்து நிற்பான் என்று உறுதி கூற நம்மால் இயலாது. வரலாம், வராமலும் இருக்கலாம். வந்தால்தான் கேட்போம் என்றால் அது பேரம், நீதி அன்று.

சட்டம் தெரிந்தவர்களுக்கு ஒரு வேலை உண்டு: கடதாசி இல்லாதவனுக்குக் கடதாசி எழுதிக் கொடுங்கள், வந்த வரிசையிலே உள்ளே அழையுங்கள். நிலம் உடையவர்களுக்கு ஒரு வேலை உண்டு: கூலியை முகம் பார்த்து அளக்காமல் உழைப்பைப் பார்த்து அளவுங்கள். எல்லோருக்கும் பொதுவான வேலை ஒன்று உண்டு: அயலவனுக்கு அநீதி நடந்தால், அவன் எந்த மொழி பேசினாலும், சாட்சி சொல்லச் செல்லுங்கள்.

தோற்று, துரத்தப்பட்டு, களைத்துப் போன அந்த மனிதரைப் பல்லக்கிலிருந்து இறங்கச் சொல்ல அன்று எவரும் இருக்கவில்லை. இறங்காமல் சென்றிருந்தால் கேட்பாரும் இல்லை. அவர் தாமே இறங்கினார். நாமும் இறங்குவோம்.