மணம் இருக்கட்டும், புகை வேண்டாம்

(பழைய மாணவிகள் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர் ஒருவர் மேடையேறினால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் சாம்பிராணியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

மடுல்சீமைத் தோட்டங்களில் வளர்ந்த நமக்கு வெள்ளிக்கிழமை என்றாலே அந்த மணம்தான் நினைவில் வரும். தலை முழுகிய பிள்ளைக்கும், பிள்ளை பெற்ற தாய்க்கும் தணலில் சாம்பிராணி தூவி முடி உலர்த்துவது அப்பாயிமார் வழி வந்த பழக்கம். சங்ககாலப் பெண்களும் அகிற்புகையில் கூந்தல் உலர்த்தியிருக்கிறார்கள். சாம்பிராணி சுமாத்திராவில் வளரும் மரமொன்றின் பிசின். கடல் கடந்து வந்து நம் வீட்டுப் பொருளாகிவிட்டது.

மூச்சு இழுப்போடு கைக்குழந்தையைத் தூக்கி வரும் தாயிடம், "வீட்டில் புகை உண்டா?" என்று கேட்டால், "இல்லை டாக்டர்" என்பார். பீடி, சிகரெட்டைத்தான் கேட்கிறேன் என்று நினைப்பார். "சாம்பிராணி போடுவீங்களா?" என்றால் கூட வந்த அப்பாயி முந்திக்கொள்வார்: "அது மருந்துதானே தாயி? சளி பிடிக்காம இருக்கத்தானே போடுறோம்!"

அன்பினால் செய்யும் காரியம் அது. ஆனால் லயத்துக் காம்பரா 10 அடிக்கு 12 அடிதான். குளிருக்குக் கதவையும் சாத்திவிடுகிறோம். பக்கத்திலேயே விறகடுப்பு. பெரியவர்கள் நிமிடத்திற்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம்; பிறந்த குழந்தை 40 முதல் 60 தடவை. சாம்பிராணிப் புகையிலும் விறகுப் புகையைப் போலவே நுண்ணிய துகள்கள் உண்டு. அவை சளியைத் தடுப்பதில்லை. மூச்சுக்குழாயை வீங்கச் செய்கின்றன. வீட்டு அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அந்தப் புகையோடு நாம் இன்னொரு புகையையும் சேர்க்கிறோம்.

அப்படியானால் மணத்தையே விட்டுவிடுவதா? வேண்டாம். ஜப்பானியரைப் பாருங்கள். 595ஆம் ஆண்டில் அவாஜி தீவில் அகிற்கட்டை கரையொதுங்கியதாக அவர்களுடைய பழைய வரலாற்று நூல் சொல்கிறது. பின்னர் அவர்கள் வளர்த்த 'கோடோ' என்னும் நறுமணக் கலையில் அகிலை எரிப்பதில்லை. கிண்ணத்துச் சாம்பலுக்குள் சிறு தணலைப் புதைத்து, மேலே மைக்காத் தகடு வைத்து, அதில் அகிற்சீவல் ஒன்றைச் சூடாக்குகிறார்கள். மணம் வரும், புகை வராத அளவுக்கே சூடு. அதை முகர்வதை 'மணத்தைக் கேட்டல்' என்கிறார்கள். மணத்துக்குப் புகை கட்டாயமில்லை என்பதை நாம் அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம்.

நம் வீட்டில் செய்யக்கூடியவை இவை. பிள்ளையின் தலையைப் பருத்தித் துணியால் துவட்டி உலர்த்துங்கள். சாமிக்குச் சாம்பிராணி காட்டுவதானால் ஒரு சிட்டிகை போதும். கதவைத் திறந்து வையுங்கள், புகை அடங்கும்வரை பிள்ளையோடு ஒருவர் வெளியே இஸ்தோப்பில் இருக்கட்டும். தணல் சட்டியை மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கவே வேண்டாம். அதிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, உயிரையே எடுத்துவிடும்.

இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தை நிமிடத்திற்கு 60 தடவையோ அதற்கு மேலோ மூச்சு விட்டாலும், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரையான பிள்ளை 50 தடவையோ அதற்கு மேலோ விட்டாலும், எந்த வயதிலும் மூச்சிழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தாலும், விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

நம் சங்கத்தில் ஆசிரியைகள் இருக்கிறீர்கள், குடும்பநல உத்தியோகத்தர்கள் இருக்கிறீர்கள், பிள்ளை மடுவங்களைப் பார்த்துக்கொள்பவர்களும் இருக்கிறீர்கள். இதைத் தாய்மாருக்கு மட்டும் சொன்னால் போதாது. வீட்டில் அப்பாயி சொல்வதுதான் நடக்கும். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மரியாதையோடு, அவருக்கே முதலில் சொல்லுங்கள்.